பேஸ்ட்டை எங்க வேணா தேய்ங்க, தீக்காயத்துல மட்டும் வேண்டாம்

எங்க வீட்ல டூத்பேஸ்ட் பல்லுக்கு மட்டும் இல்லைங்க. கருத்த வெள்ளிக் கொலுசு, வெள்ளை ஷூ ஓரம், சுவத்துல பிள்ளைங்க கிறுக்கின க்ரேயான், ஆணி அடிச்ச ஓட்டை, எல்லாத்துக்கும் அதான்.

காரணம் எளிது. பேஸ்ட்ல கால்சியம் கார்பனேட், சிலிக்கா மாதிரி நுண்துகள்கள் இருக்கு. நைஸ் உப்புத்தாள் மாதிரி உரசி அழுக்கை எடுக்கும். அதனாலயே கவரிங் நகையில தேய்க்காதீங்க, முலாம் போயிடும்.

ஆனா டியூட்டில நான் அடிக்கடி பார்க்கிற உபயோகம் வேற. தோசைக்கல், பைக் சைலன்சர், மத்தாப்பு. எதுல சுட்டாலும் மேல வெள்ளையா பேஸ்ட்! "ஜில்லுன்னு இருந்துச்சு டாக்டர்"ம்பாங்க.

அந்த ஜில் மெந்தால் வேலை. குளிர்ச்சியை உணர்ற நரம்பைத் தூண்டுது, அவ்வளவுதான். தோலுக்குள்ள போன சூட்டை இறக்காது. புண்ணை எரிச்சலாக்கும், கிருமித் தொற்றுக்கும் வழி.

காயம் எவ்வளவு ஆழம்னு பார்க்க நாங்க அதை முழுசா கழுவி எடுக்கணும். காஞ்சு ஒட்டின பேஸ்ட்டை எடுக்கும்போது குழந்தை கத்துற கத்தல் இருக்கே, சுட்டப்ப கூட அப்படி அழுதிருக்காதுன்னு தோணும்.

சுட்டா என்ன செய்யணும்?

ஓடுற குழாய்த் தண்ணில 20 நிமிஷம் காட்டுங்க. ஐஸ் வேண்டாம். வீங்குறதுக்கு முன்னாடி மோதிரம், வளையலைக் கழட்டுங்க. கொப்புளத்தை உடைக்காதீங்க. சுத்தமான துணியால லேசா மூடுங்க.

முகம், கை, மூட்டுல பட்டாலோ, சின்னக் குழந்தைன்னாலோ உடனே ஆஸ்பத்திரி. பெரிய காயம்னா 108.

வீட்ல பெரியவங்க பேஸ்ட்டைத் தூக்கிட்டு வந்தா கோபப்படாதீங்க, குழாயைத் திறந்து விடுங்க.