மஞ்சள் பஸ் வந்து நிற்கும் மியூசியம்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், வடமேற்கு மூலையில் ஓசார்க் மலைப்பகுதியில் இருக்கிறது பென்டன்வில். 1950-ல் சாம் வால்டன் இந்த ஊரின் நடுச் சதுக்கத்தில் ஒரு சின்னக் கடை திறந்தார். பின்னாளில் அவர் தொடங்கிய வால்மார்ட்டின் தலைமையகமும் இதே ஊர்தான். அந்தப் பழைய கடை இப்போது காட்சியகமாகிவிட்டது.

ஊருக்குள்ளிருந்து மரங்களுக்கு நடுவே ஒரு நடைபாதை போகிறது. அதன் வழியே நடந்தால் வருவது கிறிஸ்டல் பிரிட்ஜஸ் ஓவிய மியூசியம். சாமின் மகள் ஆலிஸ் வால்டன் உருவாக்கிய இது, 2011 நவம்பர் 11 அன்று திறக்கப்பட்டது. பள்ளத்தாக்கில் ஊற்றுநீர்க் குளங்கள். அவற்றின் மேல் பாலம் போல வளைந்து நிற்கும் கூடங்கள். கட்டடத்தை வடிவமைத்தவர் மோஷே சாஃப்டி. வெளியே லூயிஸ் பூர்ஷ்வாவின் பிரமாண்டமான வெண்கலச் சிலந்தி வரவேற்கிறது. நிரந்தர ஓவியங்களைப் பார்க்கக் கட்டணம் கிடையாது.

கட்டணம் இல்லாவிட்டால் மட்டும் கிராமத்துப் பள்ளிக்கூடம் மியூசியத்துக்கு வந்துவிட முடியுமா? பஸ்ஸுக்குப் பணம் வேண்டும். மதியச் சாப்பாடு வேண்டும். பிள்ளைகளுடன் கிளம்பும் ஆசிரியரின் மற்ற வகுப்புகளுக்கு மாற்று ஆசிரியர் வேண்டும். இந்த மூன்று செலவையும் நன்கொடை நிதியிலிருந்து மியூசியமே ஏற்றுக்கொண்டது. விளைவு, முதல் இரண்டு பருவங்களிலேயே 525 பள்ளிக் குழுக்கள், 38,347 மாணவர்களுக்காக விண்ணப்பித்தன.

அத்தனை பேருக்கும் உடனே இடமில்லை. யார் முதலில், யார் பிறகு என்று குலுக்கல் போட்டார்கள். ஆர்கன்சா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொண்டு, 123 பள்ளிகளில் ஏறக்குறைய 11,000 மாணவர்களிடம் கேள்விகள் கேட்டார்கள். வந்து போன பிள்ளைகளையும் காத்திருக்கும் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

பிள்ளைகள் பார்த்தது என்னவோ ஒரு மணி நேரம், ஐந்தாறு ஓவியங்கள்தான். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பேசினார்கள். ஈஸ்ட்மன் ஜான்சன் வரைந்த ஓர் ஓவியத்தில், காட்டில் மேப்பிள் பாகு காய்ச்சுகிறார்கள். அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்புச் சர்க்கரை வேண்டாம் என்று சொன்னவர்கள், அதற்கு மாற்றாக இந்தப் பாகை ஆதரித்தார்கள். சில வாரங்கள் கழித்துக் கேட்டபோது, அதைப் பார்த்த பிள்ளைகளில் 88 சதவிகிதம் பேர் இந்த விஷயத்தை நினைவில் வைத்திருந்தார்கள். நார்மன் ராக்வெலின் 'ரோஸி' ஓவியம், போர்க்காலத்தில் பெண்கள் வேலைக்கு வந்ததைச் சொல்கிறது என்று 82 சதவிகிதம் பேர் சொன்னார்கள். இதில் பரீட்சை கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது.

புதிய ஓவியம் ஒன்றைப் பார்த்து யோசித்து எழுதும் திறனும் கூடியிருந்தது. சிறு ஊர்ப் பிள்ளைகளிடமும் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலும் இந்த மாற்றம் அதிகம். வீட்டில் யாரும் மியூசியத்துக்கு அழைத்துப் போகாத பிள்ளைக்கு, பள்ளிக்கூட பஸ்தான் வழி. அந்த பஸ் நின்றுபோனால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

குடும்பத்தோடு மறுபடி வருவதற்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு கூப்பன் கொடுத்தார்கள். ஏற்கெனவே ஒருமுறை பள்ளியோடு வந்துபோன பிள்ளைகளே அதை அதிகமாகப் பயன்படுத்தினார்கள். இந்த முறை அம்மா அப்பாவை அவர்கள் அழைத்து வந்தார்கள்.