நூல் அறுந்தால் நிற்கும் இயந்திரம்

திருப்பூரை அடுத்த பங்கு ஒன்றில் நான் பணியாற்றிய காலம் அது. பனியன் ஏற்றுமதி செய்யும் அன்பர் ஒருவர் எங்கள் பங்குப் பேரவையின் துணைத்தலைவராக இருந்தார். நிட்டிங் மிஷின் ஓட்டும் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கி, இருநூறு பேருக்கு வேலை கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தவர். ஒருமுறை மறையுரையிலேயே அவரை 'ஓய்வறியாத உழைப்பாளி' என்று நான் புகழ்ந்ததுண்டு. அந்தப் புகழுரையை நினைத்து இன்று வெட்கப்படுகிறேன்.

2011 சனவரி இறுதியில், நொய்யலாற்று மாசினை முன்னிட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஆற்றைக் காக்க எழுந்த அந்த ஆணையில் நியாயம் இருந்தது. ஆயினும் ஏற்றுமதியாளர் பாடு திண்டாட்டமாயிற்று. துணியை வெளியூர்களுக்கு அனுப்பிச் சாயமேற்றிக் கொணர வேண்டும். தூத்துக்குடியில் கப்பல் புறப்படும் நாளுக்குள் சரக்கு போய்ச் சேராவிட்டால், சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்த ஆர்டரின் இலாபம் அங்கேயே கரைந்துவிடும். பகலெல்லாம் துணிக்காக அலைச்சல். இரவெல்லாம் அயல்நாட்டு வாடிக்கையாளரின் தொலைபேசி அழைப்பு.

அந்நாள்களில் ஓர் இரவு பத்து மணிக்கு மேல் அவர் பங்கு இல்லத்திற்கு வந்தார்.

"சாமி, ஒரு வாரமாத் தூக்கமே இல்லீங்க. இன்னைக்குச் செக்குல கையெழுத்துப் போடறப்ப என் பேரே எனக்கு மறந்துபோச்சுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "செபியுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்றேன். அத்தோடு நின்றேனா? வாசல்வரை வந்து, "திருவிழாக் கணக்கை ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடுவீர்கள் அல்லவா?" என்றும் கேட்டேன். "சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான்காம் நாள் கட்டிங் மேசையருகே மயங்கி விழுந்தார். இதயத்தில் பழுதில்லை என்றார் மருத்துவர். உடலும் மனமும் ஓய்ந்துவிட்டன, ஒரு மாதமேனும் தொழிற்சாலைப் பக்கம் போகக்கூடாது என்றார். நான் பார்க்கச் சென்றபோது அவரே பேச்சைத் தொடங்கினார்.

"நிட்டிங் மிஷின்ல ஒரு நூல் அறுந்தாப் போதுங்க சாமி, விளக்கெரிஞ்சு மிஷின் தானா நின்னுக்கும். நிக்காம ஓடுச்சுன்னா துணியில ஓட்டை விழுந்துரும். எனக்குள்ள நூல் அறுந்து பல நாளாச்சு. நான்தான் விளக்கைப் பார்க்கலீங்க."

அவர் பார்க்கவில்லை, உண்மைதான். ஆனால் அந்த இரவில் என் வாசலுக்கே வந்து எரிந்த விளக்கை நானும் பார்க்கவில்லையே!

இந்நிலைக்கு ஆங்கிலத்தில் 'பர்ன் அவுட்' என்று பெயர். எரிந்து தீர்தல் எனலாம். நியூயார்க் உளவியலாளர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் 1974-இல் இதைப்பற்றி எழுதினார். பகலில் தம் தொழிலையும் இரவில் இலவச மருத்துவமனைத் தொண்டையும் சேர்த்துச் சுமந்து, தாமே எரிந்து தீர்ந்தவர் அவர். உலக நலவாழ்வு நிறுவனமும் 2019-இல் இதைத் தொழில் சார்ந்த நிலையாக ஏற்று மூன்று அடையாளங்களைச் சுட்டியது: வலுவெல்லாம் வடிந்த களைப்பு, செய்யும் தொழிலின்மேல் வெறுப்பு, செயல்திறன் குன்றுதல். நண்பரிடம் மூன்றுமே இருந்தன. முன்பெல்லாம் தொழிலாளரைப் பெயர் சொல்லி அழைத்தவர், அந்த வாரங்களில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தாராம்.

அன்றிரவு விடுதலைப் பயண நூலின் 18-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். காலைமுதல் மாலைவரை மோசே தனியொருவராய் அமர்ந்து வழக்குகளைத் தீர்க்கிறார். மாமனார் இத்திரோ அதைக் கண்டு மருமகனைப் பாராட்டவில்லை. நீ செய்வது சரியன்று என்கிறார். அவர் கூறும் காரணம் என்னை நிறுத்தியது. மோசே மட்டுமன்று, காத்து நிற்கும் மக்களும் சேர்ந்தே தளர்ந்துபோவார்களாம்! தலைவனின் களைப்பு அவனோடு முடிவதில்லை. கீழே உள்ளவர்கள்மேல் இறங்குகிறது. எனவே தலைவன் தன்னைப் பேணுவது தன்னலமன்று. பிறருக்குச் செய்யும் நீதி.

புனித பெர்நார்தும் இதையே உணர்த்தினார். 1145-இல் திருத்தந்தையான மூன்றாம் யூஜின் ஒருகாலத்தில் அவருடைய மடத்துத் துறவி. முடிவில்லா வழக்குகளும் அலுவல்களும் அவர் நெஞ்சைக் கல்லாக்கிவிடுமே என்று பெர்நார்து அஞ்சினார். எல்லாருக்கும் உரியவராக இருக்கும் நீர், அந்த 'எல்லாரில்' உம்மையும் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளும் என்னும் கருத்தில் அவருக்கு ஒரு நூலே எழுதினார்.

பிறகு நண்பர் என்ன செய்தார்? தொழிலை விட்டுவிடவில்லை. சரக்குப் பொறுப்பை மேலாளரிடமும், அன்றாடக் கணக்கைத் தம் துணைவியாரிடமும் ஒப்படைத்தார். இரவு ஒன்பதுக்குப் பின் தொலைபேசியை அணைத்தார். ஆர்டர் ஏற்கும்போதே தவணையில் பத்து நாள் கூடுதலாகக் கேட்டுப் பெற்றார். தர மறுத்த வாடிக்கையாளர் ஒருவரை இழந்தார். அந்த இழப்பு சிறியதன்று. "1948-லயே சட்டம் போட்டுத் தொழிலாளிக்கு வாரம் ஒரு நாள் லீவு குடுத்தாங்க. முதலாளிக்கு நாமளே போட்டுக்கிட்டாத்தான் உண்டுங்க" என்று சிரித்தார்.

அச்சிரிப்பு என்னைச் சுட்டது. பங்குத்தந்தை ஆண்டுக்கு ஒரு மாதம் விடுப்பில் செல்லலாம் என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு. நானோ ஏழு ஆண்டுகளாக அதைத் தொடவில்லை. தொடாததைப் பெருமையாகச் சொல்லியும் வந்தேன். நானின்றி இங்கு எதுவும் நடவாது என்னும் எண்ணம், பொறுப்புணர்வின் ஆடையை உடுத்திக்கொண்ட ஆணவமே அல்லவா? அவ்வாண்டு மே மாதம் ஆயரிடம் அனுமதி பெற்று என் தங்கை வீட்டிற்குச் சென்றேன். முதல் மூன்று நாள் கைகால் ஓடவில்லை. நான்காம் நாள் பகலிலேயே உறங்கினேன். திரும்பி வந்தபோது கோயில் அதே இடத்தில்தான் நின்றிருந்தது!

இதைப் படிக்கும் உங்களில் பலர் நாலு பேருக்கு வேலை கொடுப்பவர்கள். பலர் அத்தகையோரிடம் நன்கொடையும் நேரமும் கேட்பவர்கள். தூக்கமில்லை என்று ஒருவர் உங்கள் வாசலுக்கு வந்தால், அவரை உட்கார வையுங்கள். சாப்பிட்டாரா என்று கேளுங்கள். திருவிழாக் கணக்கு ஒரு வாரம் தள்ளிப்போகட்டும்.