கொக்கிக்குப் பின்னால்

மேல்நாடுகளில் பிக்கப் வண்டிக்குப் பின்னால் படுக்கையும் அடுப்பும் வைத்த பயண வீடு போகும். மும்பையில் செம்பூர், மாட்டுங்கா, தாராவிப் பக்கம் போவது கான்கிரீட் கலக்கும் மிக்சர் மிஷின். பெரிய கோபுரங்களுக்கு ஆலையிலிருந்தே கலவை லாரியில் வந்துவிடுகிறது. ஆனால் ஒட்டுத் தளம், மதில் சுவர், சாக்கடை மூடி, பழைய கட்டடத்துத் தூண் பழுது போன்ற சில்லறை வேலைகளுக்கு இன்றும் வாடகை மிஷின்தான். 10/7 என்று மேஸ்திரிகள் சொல்லும் அளவில், 10 கன அடி உலர்ந்த பொருளைப் போட்டால் 7 கன அடி கலவை கிடைக்கும். ஹாப்பர் வைத்த மிஷின் என்றால் எடை ஒரு டன்னைத் தாண்டும். இதை ஒரு கம்பிக் கொக்கியிலோ, துளையில் செருகிய போல்ட்டிலோ மாட்டி நகரத்தின் குறுக்கே இழுத்துப் போகிறார்கள். இழுக்கிற வண்டிக்குத் தெம்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம். நிறுத்த முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. ஆபத்து முழுவதும் அந்தக் கேட்காத கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

இழுப்பது அப்படியொன்றும் கடினமில்லை. 2005-இல் வந்த டாட்டா ஏஸ், நம் ஊர் 'சோட்டா ஹாத்தி', 16 குதிரைத்திறன் எஞ்சினோடுதான் இறங்கியது. சமதளத்தில் முதல் கியரில் அதுவும் ஒரு டன்னை உருட்டிவிடும். நிறுத்தம் வேறு கணக்கு. பிக்கப் ஒன்றரை டன், மிஷின் ஒரு டன் என்று வையுங்கள். மிஷினுக்கு பிரேக் கிடையாது. ஒன்றரை டன் தரையில் அழுந்துவதால் கிடைக்கும் பிடிப்பைக் கொண்டு இரண்டரை டன்னை நிறுத்த வேண்டும். மழையில் நனைந்த சாலையில் வண்டி நிற்கும் தூரம், மிஷின் இல்லாமல் போவதைவிட, மூன்றில் இரண்டு பங்கு கூடிப்போகும். சயான் மேம்பாலத்து இறக்கத்தில், வளைந்து திரும்பும்போது பிரேக்கை மிதித்தால் பின்னாலிருக்கும் எடை நேராகவே போகப் பார்க்கும். பிக்கப்பின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளும். இரண்டும் கொக்கியில் மடிந்து அடுத்த பாதையை அடைக்கும். எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் அந்த நொடியில் உதவாது.

எடை எங்கே உட்கார்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். இதேபோல் கல்யாண மண்டபத்துக்கு இழுத்துப்போகும் ஜெனரேட்டர் பெரும்பாலும் இரண்டு சக்கர ட்ராலியில் இருக்கும். அதன் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும் என்பது பயண வீடு இழுக்கிறவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. குறைந்தால் ட்ராலி வாலாட்டத் தொடங்கும், வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடும். அதிகமானால் பிக்கப்பின் பின்புறம் அமுங்கி முன்சக்கரங்கள் லேசாகும். திருப்புவது முன்சக்கரம். பிரேக்கின் பெரும்பங்கைச் சுமப்பதும் அதுதான். கூடுதல் பட்டை வைத்து ஸ்பிரிங்கை உயர்த்திவிட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் முன்சக்கரத்துக்குப் போன எடை திரும்பி வராது.

ஊருக்குள் வேகமே இல்லையே, நெரிசலில் நடைவேகத்தில் போகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். பகலுக்கு அது பொருந்தும். ஆனால் மிஷின் இடம் மாறுவது பெரும்பாலும் வேலை முடிந்த இரவில், சாலை காலியான நேரத்தில். அப்போது மிஷினின் உடம்பு பிக்கப்பின் பின்விளக்குகளை மறைத்துவிடுகிறது. பின்னால் பைக்கில் வருபவனுக்குத் தெரிவது விளக்கில்லாத ஓர் இருட்டு. பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுப்பதற்கே 1989-ஆம் ஆண்டுச் சாலை ஒழுங்குமுறை மணிக்கு 24 கிலோமீட்டர் என்று வேக வரம்பு வைத்தது. இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது, கயிறு மற்றவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றும் சொன்னது. ஒரு டன் இரும்புக்கு அந்த அக்கறைகூட வேண்டாமா?

சின்ன மேஸ்திரிக்குச் செலவு தாங்காது என்ற வாதத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் தொழில் பிடித்த குடும்பங்கள் எவ்வளவு மெல்லிய லாபத்தில் வேலை எடுக்கின்றன என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். தானே விழும் பிரேக் பொருத்திய ட்ராலி விலை அதிகம்தான், அதை இன்றே கேட்கவில்லை. ஆனால் கொக்கி கழன்றாலும் பிடித்துக்கொள்ள, இழுக்கும் கம்பிக்கு அடியில் குறுக்காகப் போடும் இரண்டு சங்கிலிகள், போல்ட் நழுவாமல் ஒரு பின், பின்னால் தொங்கவிட ஒரு விளக்குப் பலகை, டயரில் சரியான காற்று ஆகியவற்றுக்குப் பெரிய பணம் வேண்டாம். மிஷினைப் பிடித்துக்கொள்ளக் கம்பியின் மேல் ஒரு பையனை உட்காரவைக்கிறார்களே, அதை நிறுத்தச் செலவே கிடையாது. கொக்கி விட்டுப்போனால் முதலில் சக்கரத்தின் அடியில் போவது அவன்தான்.

இதையெல்லாம் ஓட்டுநர் தலையில் கட்டுவது நியாயமில்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர், தன் முன் வந்து நிற்கும் மிஷினை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை. வாடகைக்கு விடும் உரிமையாளரிடம்தான் மிஷின் வருஷம் முழுக்க இருக்கிறது. சங்கிலியையும் விளக்கையும் அவரே அதனோடு பற்றவைத்து அனுப்பலாம். வேலை கொடுக்கும் ஹவுஸிங் சொசைட்டிகள் அவை இல்லாத மிஷினைக் கேட்டுக்குள் விடாமல் இருக்கலாம்.