ஒரு மாட் எடுத்தேன், வீடே காணாமப் போச்சு

வழக்கமா சுகர், பிரஷர்னு எழுதுற நான் இன்னிக்கு கம்ப்யூட்டர் கேம் பத்தி எழுதப் போறேன். கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

2021 மே, கொரோனா இரண்டாம் அலை. வார்டு டியூட்டி முடிஞ்சு வந்தா எனக்கு மாடி ரூம்தான். பையனுக்கு பன்னிரண்டாவது பரீட்சை தள்ளிப்போய் கீழ ஹால்ல உட்கார்ந்திருந்தான். ஸ்கைரிம்னு ஒரு கேம். அவன் ஆடுவான், நான் வீடியோ கால்ல பார்த்துக்கிட்டே "அந்தக் குகைக்குள்ள போகாதடா"ன்னு கத்துவேன். அந்த நாட்கள்ல நான் சிரிச்சது அப்ப மட்டும்தான்.

ஸ்கைரிம் 2011ல வந்த கேம். இன்னும் உயிரோட இருக்கக் காரணம் மாட்கள். ரசிகர்களே செஞ்சு இலவசமா தர்ற கூடுதல் ஃபைல்கள். பையன் ஏரிக்கரையில ஒரு வீடு தர்ற மாட் போட்டிருந்தான். அந்த வீட்ல ஒரு பெட்டி. நான் கீழ இறங்கினதும் ஆடணும்னு வாள், கேடயம், மருந்துக் குப்பி எல்லாம் அதுல சேர்த்து வச்சிருந்தான்.

நவம்பர்ல அவன் ஹாஸ்டல் போயிட்டான். ஒரு ராத்திரி நான் கேமைத் திறந்தா ஏதேதோ எரர். மாட்களை ஒவ்வொண்ணா எடுத்தேன். வீட்டையும் எடுத்தேன். "இந்த சேவ்ல இருந்த சில பொருட்கள் இப்ப இல்லை, தொடரவா?"ங்கற மாதிரி கேட்டுச்சு. ஆமான்னு அமுக்கி, ஆடி, சேவும் பண்ணிட்டேன். மறுபடி மாட்டைப் போட்டப்ப வீடு வந்துச்சு. பெட்டி காலி.

உண்மையான காரணம் என்ன தெரியுமா? நவம்பர் 11ல கேமுக்குப் பெரிய அப்டேட். நிறைய மாட்களுக்கு அடித்தளமான எஸ்கேஎஸ்ஈங்கற புரோகிராம் பழைய வெர்ஷனுக்கானது. அதுவே முதல் திரையில அப்படித்தான் சொல்லுச்சு. படிக்காம ஓகே கொடுத்தேன். ரிப்போர்ட்டைப் பார்க்காம மருந்தை மாத்துற டாக்டரை நீங்க என்ன சொல்வீங்க?

ரொம்ப நாள் ஸ்டீராய்டு எடுத்தவங்க கிட்ட திடீர்னு நிறுத்தாதீங்கன்னு தினமும் சொல்றவன் நான். மாடும் அப்படித்தான். அதோட ஸ்கிரிப்டும் பொருட்களும் சேவ் ஃபைல்ல பதிஞ்சு போயிடுது. பாதி ஆட்டத்துல உருவினா மிச்சம் உள்ளேயே கிடந்து தொல்லை கொடுக்கும். எடுத்தே ஆகணும்னா, அதைப் போடறதுக்கு முந்தின சேவுக்குப் போங்க.

அதுக்கப்புறம்தான் முறையா கத்துக்கிட்டேன். நெக்ஸஸ் மாட்ஸ் தளத்துல செஞ்சவரோட சொந்தப் பக்கத்துல மட்டும்தான் எடுக்கறது. வேற எங்கேயோ மறுபடி ஏத்தி வச்சதைத் தொடறதில்லை, உள்ள என்ன கலந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்? வேற எந்த மாட் தேவை, எந்த கேம் வெர்ஷனுக்குன்னு பார்ப்பேன். பக் பகுதியையும் கட்டாயம் படிப்பேன். படம் அழகா இருக்கறது ஒரு தகுதியே இல்ல.

ஃபைல்களை நேரா கேம் ஃபோல்டர்ல கொட்டாதீங்க. மாட் ஆர்கனைசர் 2 ஒவ்வொரு மாடையும் தனி ஃபோல்டர்ல வச்சு, ஆடும்போது மட்டும் கேமுக்குக் காட்டும். அசல் ஃபோல்டர் சுத்தமாவே இருக்கும். ரெண்டு மாட் ஒரே பொருளை மாத்தினா வரிசையில கடைசியா இருக்கறதுதான் ஜெயிக்கும். அந்த வரிசையை லூட்ங்கற புரோகிராம் ஓரளவு சரிபண்ணித் தரும். ஸ்டீம்ல அப்டேட்டை, கேமைத் திறக்கும்போது மட்டும்னு மாத்தி வைங்க. எஸ்கேஎஸ்ஈ வழியாவே திறங்க.

ஒரு தடவைக்கு ஒரு மாட். ஆடிப் பார்த்துட்டு அடுத்தது. ஒரே நாள்ல அஞ்சு மாத்திரை ஆரம்பிச்சா எதால அரிப்புன்னு எப்படிக் கண்டுபிடிப்பேன்?

பையனுக்குப் போன் பண்ணி ஒத்துக்கிட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் "டாக்குமென்ட்ஸ்ல மை கேம்ஸ்க்குள்ள பாருங்கப்பா, தீபாவளிக்கு வந்தப்ப தனியா ஒரு சேவ் பண்ணேன்"னான். இருந்துச்சு. எஸ்கேஎஸ்ஈயோட புது வெர்ஷனும், அதுக்கேத்த மாட்களும் வர்ற வரைக்கும் காத்திருந்து அதைத் திறந்தேன். நான் தனியா ஆடின ஒன்பது மணி நேரம்தான் போச்சு. பெட்டி அப்படியே இருந்துச்சு.

இப்ப கம்ப்யூட்டர் பக்கத்துல ஒரு நோட்டு இருக்கு. தேதி, மாட் பேரு, வெர்ஷன், ஏன் போட்டோம். கடைசிக் கட்டத்துல என் கையெழுத்து வேணும்னு அவன்தான் கோடு போட்டுக் கொடுத்தான்.