கைதட்டலும் கண்ணீரும்



இறையியல் பயிலும் இளைஞர் ஒருவருக்கு உதவும்படி, இலத்தீன் இலக்கிய மாணவர்கள் மனப்பாடம் செய்யும் அணிகளின் பட்டியலைச் சில வாரங்களாக அவரோடு வாசித்து வருகிறேன். வாக்கியந்தோறும் முதற்சொல் திரும்ப வந்தால் அது அனாஃபரா. இரண்டு சொற்களை வைத்து, அடுத்த துண்டில் அவற்றின் நிலையை மாற்றி வைத்தால் அது கையாஸ்மஸ். குறுக்குக் கோடுகளாக எழுதப்படும் கிரேக்க எழுத்தொன்றின் பெயரால் வந்தது. சேர்ந்திருக்க வேண்டிய சொற்களைப் பிரித்து வைப்பது ஹைப்பர்பேட்டன். தமிழில் பெயரடை தன் பெயரை விட்டு எளிதில் விலகாது. இலத்தீனிலோ பெயரடையும் வேற்றுமை உருபை ஏற்பதால், அது செய்யுளடியின் தொடக்கத்திலும் அதற்குரிய பெயர் அடியின் முடிவிலும் நிற்கக்கூடும். வாசிக்கிறவன் கடைசிச் சொல் வரை காத்திருக்க வேண்டும்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது கிராடாஷியோ. ஒரு துண்டு முடிகிற சொல்லிலேயே அடுத்த துண்டு தொடங்கும். அந்தாதி அறிந்த நமக்கு இது புதிதன்று. ஆனால் அந்தாதி மாலையைப்போல் சுற்றி வருகிறது, இதுவோ படிப்படியாக மேலே ஏறுகிறது. கிரேக்கர் இதற்கு இட்ட பெயர் கிளைமாக்ஸ். திரைப்படத்தின் உச்சக்காட்சிக்கு நாம் சொல்லும் சொல்தான். ஏணி என்பது அதன் பொருள்.

இது தேவனுடைய ஊழியத்திற்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இக்கேள்வியைத் தன் வாழ்நாளெல்லாம் சுமந்தவர் ஒருவர் உண்டு. கி.பி. 354இல் வட ஆப்பிரிக்காவின் தகஸ்தே நகரில் பிறந்த அகஸ்டீன், இந்த அணிகளாலேயே வளர்க்கப்பட்டவர். வெர்ஜிலின் காவியத்தில் வரும் ஜூனோ தேவியின் கோபத்தை உரைநடையில் பேசிக் காட்டிப் பள்ளியில் பாராட்டுப் பெற்றார். அதே காவியத்தின் டைடோ அரசிக்காக அழுதார். தன் ஆத்துமாவின் நிலைக்காக அக்காலத்தில் தனக்குக் கண்ணீர் வரவில்லை என்று பிற்காலத்தில் வருந்தினார். சிசரோவின் நடையில் தோய்ந்த அவருக்கு, வேதாகமம் முதன்முதலில் கரடுமுரடாகவே தோன்றிற்று. கார்த்தேஜிலும் ரோமிலும் சொல்வன்மை கற்பித்து, 384இல் மிலானுக்கு வந்தபோது, பேராயர் அம்புரோஸ் எப்படிப் பேசுகிறார் என்று எடைபோடவே ஆலயத்திற்குச் சென்றார். சொல்லைக் கேட்கப் போனவருக்குள் பொருளும் நுழைந்துவிட்டது. 386இல் ஆசிரியப் பணியை விட்டார். 387இல் ஞானஸ்நானம் பெற்றார்.

அப்படியானால் அணிகளையும் அவர் விட்டுவிட்டாரா? இல்லை. கிறிஸ்தவ போதனையைக் குறித்து அவர் எழுதிய நூலின் 4ஆம் புத்தகத்தில், ரோமருக்கு எழுதின நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தை எடுத்து, உபத்திரவத்தில் தொடங்கி நம்பிக்கை வரைக்கும் ஏறுகிற அப்பகுதியை அந்த ஏணி அணிக்கு உதாரணமாகக் காட்டுகிறார். மந்தை மேய்த்த ஆமோஸின் வாக்கியங்களையும் அவ்வாறே அளந்து பார்க்கிறார். பவுல் அணியைத் தேடிப் போகவில்லை, ஞானம் முன்னே நடக்க, அழைக்கப்படாத வேலைக்காரியைப்போல் சொல்வன்மை பின்னே வந்தது என்பது அவர் கருத்து. தர்சு பட்டணத்தில் பிறந்தவருடைய செவியில் கிரேக்கரின் மேடைப்பேச்சு விழாமலா இருந்திருக்கும் என்று நான் எண்ணுவதுண்டு. ஆயினும் முன்னே நடப்பது எது என்பதில் அகஸ்டீனுடன் எனக்கு வழக்கில்லை.

கற்பித்தல், மகிழ்வித்தல், அசைத்தல் என்று பேச்சாளனுக்குச் சிசரோ வகுத்த மூன்று கடமைகளை அகஸ்டீன் ஏற்றுக்கொள்கிறார். ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது, “ஐயா, இன்றைய பிரசங்கம் மிக இனிமை” என்று நீங்கள் என் கையைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு முறையும், மூன்றில் இரண்டாவது மட்டுந்தான் நிறைவேறிற்றோ என்ற பயம் எனக்குள் எழும்புகிறது.

இந்தப் பயம் அகஸ்டீனுக்கும் இருந்தது. மவுரித்தானியா நாட்டின் செசரியாவில் (கொர்நேலியு வாழ்ந்த செசரியா அன்று, இக்காலத்து அல்ஜீரியாவிலுள்ள ஊர்) கொடிய வழக்கம் ஒன்று தலைமுறைகளாக நிலவிற்று. ஆண்டுதோறும் குறித்த காலத்தில் ஊரார் இரு பிரிவாகிப் பல நாட்கள் கல்லெறிந்து சண்டையிடுவார்கள். அண்டை வீட்டார் மட்டுமல்ல, உடன்பிறந்தாரும், தகப்பனும் மகனுங்கூட எதிரெதிரே நிற்பார்கள், கொலைகளும் விழும். அவ்வூரில் பேசும்படி நின்ற அகஸ்டீன், தான் கற்ற கலை அனைத்தையும் திரட்டி, மிக உயர்ந்த நடையில் பேசினார். ஜனங்கள் ஆரவாரித்துப் புகழ்ந்தார்கள். அதை அவர் வெற்றியாகக் கொள்ளவில்லை. அவர்கள் விளங்கிக்கொண்டார்கள், இன்புற்றார்கள். அவ்வளவே என்று கணித்து, மேலும் பேசினார். பின்பு அழுகை தொடங்கிற்று. அதைக் கண்ட பிறகே பேச்சை நன்றியறிதலுக்குத் திருப்பினார்.

இதை அவர் எழுதும்போது எட்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ கடந்திருந்தன. அந்தக் கல்லெறி செசரியாவில் மறுபடியும் நடக்கவில்லை.