கடல் கடந்த மடல்: விடியும்வரை ஆடும் உடம்பு

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் சூரியனை வைத்து எழுவான்கரை, படுவான்கரை என்று பிரித்துச் சொல்வார்கள். அந்தக் கரையூர்களில் ஒரு கூத்து அரங்கேறச் சில மாதம் பிடிக்கும். அரங்கேற்றம் ஓர் இரவுதான். முன்னிரவில் மத்தளம் கேட்கத் தொடங்கினால், பழைய முறைப்படி, கிழக்கு வெளுக்கும்போதுதான் மங்களம் பாடுவார்கள். ஆடுபவர்கள் கலையால் பிழைப்பவர்கள் அல்லர். வயலில் வேளாண்மை செய்பவர், வாவியில் வலை வீசுபவர், கடை வைத்திருப்பவர் என்று ஊரில் உள்ள ஆண்கள்தான். பெண் வேடமும் மரபில் அவர்களுக்கே. ஓர் இரவைத் தாங்கும் அளவுக்கு இவர்கள் தங்களைத் தயார்ப்படுத்திக்கொள்ளும் முறை, உடற்பயிற்சி பற்றி இன்று பேசப்படும் பலவற்றுக்கும் முந்தியது.

கூத்து உடம்பிடம் கேட்பது கொஞ்சமல்ல. ஆடும் இடமான களரி வட்டமானது, நாலு பக்கமும் சனம் இருக்கும். ஒதுங்கி மூச்சு வாங்க மறைவிடம் கிடையாது. ஆடுபவர் தன் பாட்டைத் தானே பாட வேண்டும். அவர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். பார்ப்பவருக்கு அது இளைப்பாறும் இடைவெளி என்று படும். ஆனால் கால்கள் முழு வேகத்தில் ஆட வேண்டியது அந்த நேரத்தில்தான். அது முடிந்த கையோடு, இரைக்கும் நெஞ்சை அடக்கி, சுருதி விலகாமல் அடுத்த அடியை எடுக்க வேண்டும். இந்தக் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரு மரபுகள் உண்டு. வடமோடியில் போர்க்கதைகள் அதிகம். குத்துமிதி, பாய்ச்சல் என்று நிலம் அதிர ஆடுவார்கள். தென்மோடியில் ஆட்டம் நுணுக்கமானது. வேகம் குறைந்தாலும் கால் பிசகினால் உடனே தெரிந்துவிடும். வடமோடி அரசனுக்கு இவற்றோடு கரப்புடுப்பும் கிரீடமும் சேரும். விறைத்து விரிந்து நிற்கும் அந்த உடுப்போடு சுழன்று ஆடுவதற்கே தனிப் பழக்கம் வேண்டும்.

உழைப்பின் அளவை அறிய மேல்நாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய சோதனை ஒன்று உண்டு. உடற்பயிற்சி செய்யும்போது பேச முடிந்து, பாட முடியாமல் போனால் அது நடுத்தர உழைப்பு. சில சொற்களுக்கு மேல் பேசவே முடியாவிட்டால் கடும் உழைப்பு. வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர உழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பேச்சையும் பாட்டையும் வைத்து அளக்கும் அந்தச் சோதனையைக் களரிக்குக் கொண்டுபோனால் அது கைவிட்டுவிடும். கடும் உழைப்பின் நடுவிலேயே பாடச் சொல்வது கூத்து. ஆட்டத்தின் கடுமைக்கு ஏற்ப மூச்சைப் பங்கிடத் தெரியாதவர் இரண்டாம் பாட்டிலேயே அகப்பட்டுக்கொள்வார்.

அதனால் பழக்கும் முறையில் அவசரம் கிடையாது. முதலில் ஊர் கூடிக் கூத்தைத் தெரிவு செய்யும். யாருக்கு எந்த வேடம் என்று தீர்மானிப்பதில், கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். ஆளின் உயரம், குரல், கால் எல்லாம் அவர் கணக்கில் இருக்கும். எல்லாருக்கும் அருச்சுனன் வேடம் கிடைக்காது. கிடைக்காதவரின் மனத்தாங்கலும் கூத்தூர்களில் புதிதல்ல. பிறகு அவரவர் பாடும் பகுதியை எழுதிக் கையில் தருவார்கள். இதற்குச் சட்டம் கொடுத்தல் என்று பெயர். வேளாண்மை வெட்டு முடிந்து கை ஓய்ந்த காலத்து இரவுகளில் பழக்கம் தொடங்கும். அண்ணாவியார் மத்தளத்தில் சொற்கட்டை வாசிக்க, கால் அதைப் பிடிக்க வேண்டும். வேடமும் கிடையாது, விளக்கலங்காரமும் கிடையாது. ஒரே தாளக்கட்டைக் கால் மறக்காத நிலை வரும்வரை திரும்பத் திரும்ப ஆட வேண்டியதுதான்.

ஆட்டம் ஓரளவு படிந்த பிறகு வருவது சதங்கை அணிதல். இது ஊரறிய நடக்கும் சிறு விழா. பயிற்சி முறை என்று பார்த்தாலும் இந்த இடம் கூர்மையானது. வெறுங்காலில் அரை மாத்திரை பிந்தினால் கண்ணுக்குத் தப்பிவிடலாம். சதங்கை கட்டிய பிறகு அந்தப் பிந்தல் எல்லார் காதிலும் விழும். தவறு மறைக்க முடியாததாக ஆன பிறகே வேகம் கூட்டப்படுகிறது. அடுத்தது கிழமைக் கூத்து: வாரம் ஒரு முறை கூடி, பழகியதைத் தொடர்ச்சியாக ஆடிப் பார்ப்பது. கடைசியாக அடுக்குப் பார்த்தல். கூத்தை முதலிலிருந்து முடிவுவரை ஒரே இரவில் ஓட்டிப் பார்ப்பார்கள். யார் எந்தச் சாமத்தில் சோர்கிறார், யாருடைய குரல் கம்முகிறது என்பது அப்போது வெளிப்படும். அதற்குப் பிறகே அரங்கேற்றம்.

இந்தப் படிகளுக்குள் இருக்கும் கணக்கு எளிது. இலக்கு முதல் நாளிலேயே முழு உயரத்தில் வைக்கப்படுகிறது: விடியும்வரை ஆட வேண்டும். அதை யாருக்காகவும் தாழ்த்துவதில்லை. ஏறும் படிகள் மட்டும் சிறியவை. சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டினால்தான் தசையும் நெஞ்சும் இசைந்து கொடுக்கும் என்று இன்றைய பயிற்சி நூல்கள் சொல்வதும் இதையேதான்.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்தக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் மேடையேறிய ‘கர்ணன் போர்’ அவ்வழியில் முக்கியமானது. அண்ணாவியாரிடம் மாணவர்கள் நேரில் பழகினார்கள். விடிய விடிய ஆடியது ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்தது. மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு அந்த மாணவர்களில் ஒருவர். ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடிய அவர், பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அதைப் பழக்கினார். 1998இல் வெளிவந்த அவருடைய ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ இத்துறைக்கு அடிப்படை நூல். சுருக்கியதால் கூத்துக்குப் புதிய பார்வையாளரும் மதிப்பும் கிடைத்தன, அதில் சந்தேகமில்லை. சாமம் தாண்டிய பின் உடம்பு கேட்கும் இரண்டாம் மூச்சு மட்டும் அந்த மேடைக்குத் தேவைப்படவில்லை. பின்னர் வந்த உள்நாட்டுப் போர்க்காலத்தில் இரவில் ஊர் கூடுவதே ஆபத்தாக இருந்த ஆண்டுகள் பல. அப்படியிருந்தும் ஊர்க் களரிகள் அற்றுப்போகவில்லை.

புலம்பெயர்ந்த நகரங்களில் மண்டபம் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைப்பது. பனிக்காலத்தில் காலுறையோடு, சனி ஞாயிறுகளில் மட்டும், அரை மணி நேரக் கூத்துத் துண்டு ஒன்றைப் பழகுவதே பெரும்பாடு. சனவரியில் உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஓராண்டுப் பணம் கட்டிவிட்டு மார்ச்சில் மறந்துவிடும் தமிழருக்கும் அங்கே குறைவில்லை. அவர்களில் சிலராவது அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அரங்கேற்ற இரவோடு நின்றுவிடாமல், அதற்கு முன் அடுக்குப் பார்க்கும் இரவிலும் களரி ஓரம் உட்கார வேண்டும். அதற்கு நுழைவுச்சீட்டு கிடையாது. எந்த நாள் என்று அண்ணாவியாரிடம் கேட்டால் போதும்.