நான் கிளம்பிய பிறகு நடப்பதே தரம்

நோய் தீர வேண்டிக்கொண்டு காஞ்சிபுரம் பக்கத்து மாகறலுக்கு வருகிறவர்கள் உண்டு. திருமாகறலீசுவரர் மேல் சம்பந்தர் பாடிய பதிகத்தை வினை தீர்க்கும் பதிகம் என்று சொல்லி ஓதுகிறார்கள். கோயில் வரைக்கும்கூட நடக்க முடியாதவர்கள் வீடுகளுக்குள் படுத்திருக்கிறார்கள். பக்கவாதத்தில் ஒரு கை, கால் விழுந்தவர், இடுப்பெலும்பு முறிந்த பாட்டி, காரப்பேட்டை புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் என்று பலர். இவர்களைத் தேடிப் போய்ப் பார்க்கும் செவிலியர் நான்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வாசல் தேடி வருகின்றன. இது பெரிய மாற்றம். ஆனால் ஒரு வீட்டில் நாங்கள் இருப்பது அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் நோயாளியின் உயிர் மருமகள் கையிலும் மகள் கையிலும்தான் இருக்கிறது. நான் கிளம்பிய பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறதோ, அதுதான் என் வேலையின் தரம்.

படுக்கைப்புண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். "முதுகெல்லாம் நல்லாத்தான் இருக்குது நர்சம்மா" என்பார்கள். நம் நிறத்துத் தோலில் தொடக்கச் சிவப்பு பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. கையால்தான் பார்க்க வேண்டும். முதுகின் அடி எலும்பு, குதிகால், இடுப்பின் பக்க எலும்பு ஆகிய இடங்களில் சுற்றுத் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ தட்டுப்பட்டால் உள்ளே சதை நசுங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது. பாரம் படாமல் வைக்க வேண்டும். வீட்டுப் பெண்ணின் விரலைப் பிடித்து அந்தச் சூட்டைத் தொட்டுக் காட்டிவிட்டால் அவர் பிறகு மறக்க மாட்டார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வையுங்கள் என்று சொல்வது எளிது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிவீட்டில் நின்று சொல்லிப் பார்த்தால் தெரியும். கரையைத் தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு இன்னொரு கை வேண்டும். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்தான் அந்தக் கை. நினைத்த நேரத்தில் அவரால் எழுந்துவர முடியாது. அதனால் தறி எப்போது நிற்கும், எப்போது ஓடும் என்று முதலில் கேட்டுக்கொள்வேன். அதற்கேற்ப இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம் என்று நேரம் போட்டுக் கட்டிலுக்கு நேர் எதிர்ச் சுவரில் எழுதி ஒட்டுவோம். வீட்டுக்குப் பொருந்தும் அட்டவணைதான் கடைப்பிடிக்கப்படும். அதே வீட்டில் தறிக்குழி இன்னொரு ஆபத்து. இரவில் சிறுநீர் கழிக்க எழும் முதியவர் அதில் கால் வைத்தால் இடுப்பெலும்பு போய்விடும். தறி ஓடாத நேரத்தில் குழிமேல் பலகை, கட்டில் பக்கம் ஒரு சின்ன விளக்கு, இந்த இரண்டும் இருந்தாக வேண்டும்.

மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கும் முன் குழாயில் போட்ட குறி நகராமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்த பிறகு அரை மணியாவது அப்படியே இருக்க வேண்டும். படுத்தபடி கொடுத்தால் கஞ்சி நுரையீரலுக்குள் போய்விடும். சிறுநீர்க் குழாயோடு இணைத்த பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். இன்சுலின் ஊசியைக் குப்பையோடு குப்பையாகப் போட்டால் குத்துவது தூய்மைப் பணியாளர் கையில். 2016 திடக்கழிவு விதிகள் அதை வீட்டு அபாயக் கழிவு என்றே பிரித்தன. கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மூடி, தனியாகக் கொடுங்கள்.

வசதியுள்ள வீடுகளில் ஏஜென்சி மூலம் ஆள் வைக்கிறார்கள். வருகிறவர் பயிற்சி பெற்றவரா என்று பலரும் கேட்பதில்லை. மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்துக்கான திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களுக்குப் பதிவும் குறைந்தபட்சத் தரமும் வேண்டும் என்றது. அது சட்டமாகவே இல்லை. ஆளை அனுப்பும் ஏஜென்சிகளுக்கு அப்படியொரு சட்டம் கட்டாயம் வேண்டும்.

அதுவரை கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான். எங்கே பயிற்சி பெற்றீர்கள், எந்த வேலையைச் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை, இரவில் மூச்சுத் திணறினால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேளுங்கள். கொடுத்த மருந்தும் புரட்டிய நேரமும் ஒரு நோட்டில் எழுதப்பட வேண்டும் என்று சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது நோயாளியின் முதுகை நீங்களே தொட்டுப் பாருங்கள். அந்தக் கடமையைக் காசு கொடுத்து வேறு யாரிடமும் ஒப்படைக்க முடியாது.